கேட்பவர்களுக்குச் சொன்னவை

முதல் ஓட்டை நான் கேட்காதது.
செட்டியார் தெருவில், பதினொரு மாதத்தில்,
மாமாவின் மடியில் வைத்து.
நான் வீரிட்டுக் கத்தியதற்குக்
கற்கண்டு கொடுத்தார்களாம்.
எனக்கல்ல, வந்தவர்களுக்கு.

கடைசி ஓட்டை நான் கேட்டது.
காதின் மேல்மடிப்பில், குருத்தெலும்பில்,
தெஹிவளைச் சந்தியில்
ஒரு கொத்துரொட்டிக் கடையின் மேல்மாடியில்.
அன்றைக்கு யாரும் கற்கண்டு வாங்கவில்லை.
அம்மா மூன்று நாள்
என் மற்றப் பக்கத்தோடு மட்டும் பேசினாள்.

அதே மாடியில்தான் நண்டும்.
இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே.
ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது.
குத்தியவன் பெயர் சமித்த,
பல்லுக்குக் கம்பி போட்ட பையன்.
ஒவ்வொரு காலுக்கும் ஊசியை நிறுத்தி
"ரிதெனவாத?" என்றான்.
நோகுதா என்று அத்தனை தரம்
என்னிடம் எவரும் கேட்டதில்லை.
கீழே தகரத்தில் ரொட்டி கொத்தும் சத்தம்.
எட்டாவது காலில்
"நோகுது" என்று தமிழில் சொன்னேன்.
விளங்கிக்கொண்டு
அந்தக் காலைக் கொஞ்சம் கட்டையாக முடித்தான்.

பிறகு தொடங்கியது அர்த்தம் கேட்பது.

வங்கி முகாமையாளருக்கு:
என்ர ராசி, சேர்.
(நான் துலாம்.)
ராசி என்றதும் தலையை மரியாதையாக ஆட்டினார்,
நாளையிலிருந்து முழுக்கைச் சட்டை என்றார்.

த்ரீவீல் அண்ணருக்கு:
சும்மா ஸ்டிக்கர், குளிச்சால் போயிடும்.
ஹான்டிலைப் பிடித்த அவர் கையில்
ஒரு பெண்பெயர், பாதிக்கு மேல் சுட்டழித்தது.
கடைசி எழுத்து "னி".
நான் கேட்கவில்லை.

பெண் பார்க்க வந்த டொரொன்டோக்காரரின் அக்காவுக்கு
அம்மாவே முந்திக்கொண்டாள்:
பம்பஸில சினேகிதிகள் சேர்ந்து செய்த பகிடி.
அக்கா ரோல்ஸை ஒரு கடி கடித்து
"லேசரில எடுக்கலாம்தானே" என்றார்.
அவருடைய புருவம் இரண்டும் பச்சை குத்தியவை.
வடிவாகத்தான் இருந்தன.

வெள்ளவத்தைச் சந்தையில்
மீன்கடை நஸ்ரின் நானா மட்டும்
கையைப் பார்த்து, தராசைப் பார்த்து,
"கிலோ என்ன விலைக்குத் தாறீங்க?" என்றார்.
அன்றைக்குப் பாரையில்
ஐம்பது ரூபா குறைத்தார்.

அப்பா இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை.

மின்வெட்டுக் காலம். இரவு எட்டு மணி.
காலி வீதி முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல்,
எங்கள் மாடியில் மெழுகுதிரி.
அதைச் சோசரில் நிறுத்தப் பார்த்து
விரலில் ஒட்டிய மெழுகை
உருட்டினார், உருட்டினார்,
உருண்டையைக் காதுச் சோணைக்குக் கொண்டுபோனார்.

"இதுக்குள்ள இதைத்தான் அடைச்சனான்."

அப்பாவின் காதில் துளை இருப்பதே
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
நேர்த்திக்குக் குத்தி, கடுக்கன் போட்ட துளை.

"எண்பத்து மூண்டு. கொட்டாஞ்சேனை.
காது பாத்துத்தான் பிடிச்சவங்கள்.
மேல குட்டிகூரா பவுடர் பூசினனான்."

ஓடினீங்களா அப்பா?

"ஓடினால் வேர்க்கும்.
நடந்தனான்."

அதற்குமேல் அந்தக் கதை நீளவில்லை.
திரியைத் தூக்கி
என் கைக்குக் கிட்டப் பிடித்தார்.
காலெல்லாம் விரலால் எண்ணினார்.
"ஒண்டு கட்டையாக் கிடக்கே."
அதில நொந்தது.
"ம்."

அர்த்தம் என்ன என்று கேட்கவில்லை.
அதனால் அவருக்கு மட்டும் சொன்னேன்,
உண்மையானதை, காதோடு காதாக,
மெழுகு அடைத்த அந்தப் பக்கம்.

கரண்ட் வந்ததும்
குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்:
இருட்டுக்குள்ள அப்பனுக்கும் மகளுக்கும்
அப்படி என்ன சிரிப்பு?